மூன்று மன்றங்களின் முன் ஒரு வைத்தியம்

மூடை சுமப்பவருக்கும், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவருக்கும், கிணற்றில் நீர் இறைக்கும் மாதருக்கும் பொதுவாக வரும் நோய் ஒன்றுண்டு. அது முதுகுவலி. மருந்து குடித்தும் தைலம் பூசியும் சலித்தவர்கள், கையாற் பிடித்தும் அமுக்கியும் குணப்படுத்தும் ஒருவரைத் தேடிச் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியரின் திண்ணையிற் காத்திருப்போரை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

கையையே கருவியாகக் கொண்ட வைத்தியமொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றியது. 'கைரோபிராக்டிக்' என்பது அதன் பெயர். கையினாற் செய்வது என்ற கருத்துடைய கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் ஆக்கப்பட்டது. நம்மவர் வைத்தியத்துக்கும் அதற்கும் பரம்பரைத் தொடர்பு ஏதும் இல்லை; கையே கருவி என்ற ஒற்றுமை மட்டுமே உண்டு. அவ்வைத்தியத்தின் செய்முறையை விளக்குவது இன்றைய பேச்சின் நோக்கமன்று. அதனைக் கையாண்டவர்கள் சங்கங்களாகக் கூடி, நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் எவ்வாறு வாதாடித் தமக்கோர் இடத்தைத் தேடிக்கொண்டனர் என்பதையே எடுத்துக்கூற விரும்புகிறேன். தொழிற் சங்கமொன்று நம் செவியில் வந்து பேசும்போது, அப்பேச்சை எந்தத் தராசில் நிறுப்பது என்னும் கேள்விக்கு இவ்வரலாறு விடை தருகின்றது.

அயோவா மாநிலத்து டாவன்போட் நகரில் டானியல் டேவிட் பால்மர் என்பவர் காந்த வைத்தியம் செய்துவந்தார். அவருடைய காரியாலயம் இருந்த கட்டிடத்தைத் துப்புரவு செய்யும் ஹாவி லில்லார்ட் என்பவருக்குச் செவிப்புலன் குன்றியிருந்தது. 1895 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 18 ஆம் நாள், லில்லார்ட்டின் முள்ளந்தண்டில் விலகியிருந்த என்பொன்றைத் தாம் அழுத்திச் சரிசெய்ததாகவும், அதனால் அவருக்குக் கேட்கும் ஆற்றல் மீண்டதாகவும் பால்மர் கூறினார். இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அவர் பெரியதொரு கொள்கையையே கட்டி எழுப்பினார். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, முள்ளந்தண்டென்புகள் இடம்பெயர்ந்து நரம்புகளைத் தாக்குவதால் வருவன என்பது அவர் கொண்ட முடிபு. முதுகுவலிக்கு மட்டுமன்றி, ஏறத்தாழ எல்லா நோய்க்குமே தமது கை மருந்தாகும் என்பது இதன் கருத்து.

இக்கொள்கைக்கு முதலில் மறுமொழி கூறியது விஞ்ஞானமன்று, சட்டமே. அனுமதிப் பத்திரமின்றி வைத்தியம் செய்தார் என்ற குற்றத்துக்காக 1906 ஆம் ஆண்டிலே பால்மர் தண்டிக்கப்பட்டார். தண்டப்பணம் செலுத்த மறுத்துச் சிறை சென்ற அவர், 23 நாட்கள் அங்கிருந்தபின் பணத்தைச் செலுத்தி வெளியே வந்தார். அதே ஆண்டில், அவர் மகன் பி. ஜே. பால்மரின் முயற்சியால் 'அகில கைரோபிராக்டர் சங்கம்' தோன்றியது. வழக்கில் அகப்படும் அங்கத்தவருக்கு வழக்கறிஞரை அமர்த்திக் கொடுத்துக் காப்பதே அச்சங்கத்தின் தலையாய பணியாக இருந்தது. ஆகவே, இச்சங்கம் பிறந்த இடம் ஆராய்ச்சிசாலையன்று, குற்றவாளிக் கூண்டு எனலாம்.

இதன் விளைவு கவனிக்கற்பாலது. 1907 ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்து லா குரொஸ் நகரில், ஜப்பானிற் பிறந்த மொரிகூபோ என்ற கைரோபிராக்டர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவருக்காக வாதாடிய ரொம் மொரிஸ் என்ற வழக்கறிஞர், கைரோபிராக்டிக் ஏனைய வைத்தியங்களின் கிளையன்று, தனித்த தத்துவமுடைய வேறொரு துறை என்று நிலைநாட்ட முயன்றார். ஜூரிமார் மொரிகூபோவை விடுதலை செய்தனர். அன்று வெற்றி தந்த வாதம் பின்னர் அத்துறையின் கொள்கையாகவே நிலைபெற்றது. நாம் நோயைக் கண்டறிவதில்லை, முள்ளந்தண்டை ஆராய்கிறோம். நாம் சிகிச்சை செய்வதில்லை, சரிப்படுத்துகிறோம் என்று அவர்கள் பேசலாயினர். நீதிமன்றத்தில் தப்புவதற்காகத் தெரிந்தெடுத்த சொற்கள் மாணவருக்குக் கற்பிக்கும் பாடமும் ஆகிவிட்டன. வழக்கை வெல்வதற்கு ஏற்ற சொல்லே உண்மையைக் காண்பதற்கும் ஏற்றதாக அமையும் என்று எதிர்பார்க்க முடியுமா?

அடுத்ததாகச் சட்டமன்றத்தைப் பார்ப்போம். 1913 ஆம் ஆண்டிலே கன்சாஸ் மாநிலம் கைரோபிராக்டருக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும் சட்டத்தை முதன்முதலாக நிறைவேற்றியது. கலிபோர்ணியாவிலோ சட்டசபையின் கதவு எளிதில் திறக்கவில்லை. அங்கே கைரோபிராக்டர் பலர் தண்டப்பணம் கட்ட மறுத்துச் சிறைக்குச் சென்றனர். கைரோபிராக்டிக்குக்காகச் சிறை செல்வோம் என்பதே அவர்களது முழக்கமாயிற்று. சிறைப்பட்ட வைத்தியரைக் கண்டு நோயாளரும் அயலாரும் இரங்கினர். அந்த இரக்கம் வாக்காக மாறியது. 1922 ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற வாக்கெடுப்பில், சட்டசபையைக் கடந்து, மக்களே நேராக வாக்களித்துக் கைரோபிராக்டிக் சட்டத்தை நிறைவேற்றினர்.

அதே 1922 ஆம் ஆண்டில் நடந்த இன்னொன்று வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சுவை பயக்கும். பி. ஜே. பால்மர் டபிள்யூ. ஓ. சி. என்ற வானொலி நிலையத்தை விலைக்கு வாங்கினார். டாவன்போட்டிலிருந்த தமது கல்லூரியிலிருந்தே ஒலிபரப்பினார். இசைக்கும் செய்திக்கும் இடையே அவருடைய வைத்தியத்தின் புகழும் காற்றோடு கலந்து வீடுவீடாகச் சென்றது. பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியான ரொனால்ட் றீகன், 1932 ஆம் ஆண்டில் விளையாட்டு அறிவிப்பாளராகத் தம் ஒலிபரப்பு வாழ்க்கையைத் தொடங்கியதும் இந்நிலையத்திலேதான். வானொலி பிஞ்சுப் பருவத்தில் இருந்தபோதே அதன் வலிமையை உணர்ந்தவர் பால்மர். ஆயினும் ஒலிபரப்பிக்கு ஓர் இயல்புண்டு. மெய்யையும் மிகையையும் அது ஒரே தெளிவோடு எடுத்துச் செல்லும். பகுத்தறியும் பொறுப்பு கேட்பவருடையது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? முதியோருக்கு அரசாங்கம் மருத்துவச் செலவை வழங்கும் 'மெடிகெயர்' திட்டம் அமெரிக்காவிலே 1965 ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. அதிலே கைரோபிராக்டருக்கும் இடம் வேண்டும் என்று சங்கங்கள் கோரின. 1968 ஆம் ஆண்டில் மத்திய சுகாதாரத் திணைக்களம் இதனை ஆராய்ந்து, இச்சேவையைத் திட்டத்திற் சேர்த்தல் ஆகாது என்று அறிக்கை சமர்ப்பித்தது. சங்கங்கள் சோர்ந்துவிடவில்லை. நோயாளரைக்கொண்டு காங்கிரஸ் அங்கத்தவருக்குக் கடிதங்கள் எழுதுவித்தன. 1972 ஆம் ஆண்டில், அவ்வறிக்கைக்கு மாறாக, காங்கிரஸ் அவர்களைத் திட்டத்திற் சேர்த்தது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது. முள்ளந்தண்டென்பு விலகியிருப்பதை எக்ஸ் கதிர்ப் படம் காட்டவேண்டும். அதனைக் கையாற் சரிசெய்வதற்கு மாத்திரமே பணம் வழங்கப்படும். இரண்டாண்டு கழித்து, 1974 இல், லூயிசியானா மாநிலமும் அனுமதிச் சட்டம் இயற்றியது. கன்சாஸிலே தொடங்கிய பயணம் 61 ஆண்டுகளின்பின் எல்லா மாநிலங்களையும் சுற்றி முடிந்தது.

இவ்வளவுக்கும் எதிர்த்தரப்பினர் வாளாவிருக்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963 ஆம் ஆண்டில் போலி வைத்திய ஒழிப்புக் குழு ஒன்றை அமைத்தது. கைரோபிராக்டிக் விஞ்ஞானத்துக்குப் புறம்பான ஒரு மதக்குழு போன்றது என்று 1966 இல் தீர்மானம் நிறைவேற்றியது. கைரோபிராக்டரோடு தொழில்முறையிற் சேர்ந்து பழகுவது டொக்டர்மாரின் ஒழுக்க விதிக்கு மாறானது என்று கருதப்பட்டது. நோயாளியை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் அனுப்புவதும் தடைப்பட்டது. இந்தப் பகிஷ்கரிப்பை எதிர்த்து, செஸ்ரர் வில்க் என்பவரும் வேறு நால்வரும் 1976 ஆம் ஆண்டிலே வழக்குத் தொடுத்தனர். 1981 இல் ஜூரிமார் மருத்துவச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். மேல் நீதிமன்றம் மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டது. 1987 ஆம் ஆண்டில் நீதிபதி சூசன் கெற்சென்டானர், மருத்துவச் சங்கம் வியாபாரப் போட்டியைக் காக்கும் ஷேர்மன் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். 1990 இல் அத்தீர்ப்பு மேல் நீதிமன்றத்திலும் நிலைபெற்றது.

கைரோபிராக்டர் சங்கங்களுக்கு இது பெருவெற்றியே. எனினும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி ஆழ்ந்து நோக்கற்பாலது. தமது வைத்தியம் பயனுள்ளது, விஞ்ஞான முறைப்பட்டது என்று நீதிமன்றமே அறிவிக்கவேண்டும் என வழக்காளிகள் விரும்பினர். அதற்கு நீதிபதி இணங்கவில்லை. ஒழுங்காக அமைத்த ஆராய்ச்சிகளின் சான்று தம்முன் வைக்கப்படவில்லை என்றும், குணமடைந்தோர் சொல்லும் கதைகளைக்கொண்டு அவ்வாறு கூறுதல் இயலாது என்றும் அவர் மறுத்துவிட்டார். தொழில் செய்யும் உரிமை வேறு, அத்தொழிலின் கூற்று உண்மை என்பது வேறு. முன்னதை நீதிமன்றம் வழங்கலாம். பின்னதை வழங்கும் அதிகாரம் அதற்கில்லை.

இதே பாடத்தைப் பிரித்தானியாவிலே மற்றொரு சங்கம் வேறு வழியாகக் கற்றது. அங்கே 1994 ஆம் ஆண்டுச் சட்டம் கைரோபிராக்டரை முறைப்படி ஏற்றுக்கொண்டிருந்தது. 2008 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சைமன் சிங் என்னும் விஞ்ஞான எழுத்தாளர் 'கார்டியன்' பத்திரிகையிலே கட்டுரையொன்று எழுதினார். குழந்தைகளின் வயிற்றுவலி, காதுநோய், ஆஸ்துமா முதலியவற்றுக்குக் கைரோபிராக்டிக் உதவும் என்ற கூற்றுக்குச் சான்றில்லை என்று அதிற் கண்டித்தார். பிரித்தானிய கைரோபிராக்டிக் சங்கம் சான்றைக்கொண்டு மறுமொழி கூறியிருக்கலாம். மாறாக, அவர்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தது. அதனால் நாடெங்கும் உள்ள விஞ்ஞானிகளும் எழுத்தாளரும் திரண்டெழுந்தனர். கைரோபிராக்டரின் விளம்பரங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டு, அவர்கள்மீது நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் குவிந்தன. 2010 ஆம் ஆண்டு ஏப்ரலில் மேல் நீதிமன்றம், இத்தகைய விஞ்ஞானப் பிணக்கைத் தீர்க்கவேண்டியது விஞ்ஞான முறையே அன்றி வழக்கன்று என்ற கருத்துப்படத் தீர்ப்புரைத்தது. சங்கம் வழக்கைக் கைவிட்டது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் 2013 ஆம் ஆண்டிலே திருத்தப்படுவதற்கும் இவ்வழக்கு ஒரு காரணமாயிற்று. நற்பெயரைக் காப்பதற்குத் தொடுத்த வழக்கே அந்நற்பெயருக்கு ஊறு செய்துவிட்டது.

அங்ஙனமாயின், இவ்வைத்தியத்திற் பயனே இல்லையா என்று நீங்கள் வினவலாம். அப்படிக் கூறுவதும் நேர்மையன்று. முள்ளந்தண்டைக் கையாற் சரிப்படுத்தும் முறை, கீழ்முதுகு வலிக்கு ஓரளவு பயன் தருகின்றது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அப்பயன் தேகப்பயிற்சி முதலிய ஏனைய சிகிச்சைகளின் பயனை ஒத்தது, மந்திரமுமன்று, மாயமுமன்று. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, கீழ்முதுகு வலிக்கு மருந்தை நாடுமுன் முயலத்தக்க வழிகளில் இதனையும் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் ஆஸ்துமா, காதுநோய் முதலியவற்றுக்கு இது மருந்தாகும் என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்க்குச் சேதம் நேரலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. பால்மர் கண்ட தொண்ணூற்றைந்து வீதம் சுருங்கிச் சுருங்கி, முதுகுவலி என்ற சிறிய ஆனால் உறுதியான நிலத்தில் வந்து நின்றது.

மகிழ்ச்சிக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் எக்ஸ் கதிர்ப் படத்தைக் கட்டாயமாக்கியது என்று சொன்னேன். அந்த நிபந்தனை 2000 ஆம் ஆண்டு முதல் நீக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்க கைரோபிராக்டிக் சங்கம் தன் அங்கத்தவரை நோக்கியே ஓர் அறிவுரை வெளியிட்டது. கடும் முதுகுவலி தோன்றி ஆறு வாரங்களுக்குள், ஆபத்தைக் காட்டும் குறிகள் இல்லாதவிடத்து, படம் எடுக்கவேண்டாம் என்றது. அங்கத்தவரின் நலத்தைக் காப்பதற்கென்று சங்கங்கள் தோன்றிய ஒரு துறையிலே, நோயாளியின் நலத்துக்காகத் தன் அங்கத்தவரையே ஒரு சங்கம் தடுத்து நிறுத்தும் நாளும் வந்தது. வழக்குமன்ற வெற்றிகள் யாவற்றிலும் இதனையே நான் பெரிதாக மதிப்பேன்.

சங்கம் அமைப்பதும், அரசாங்கத்திடம் முறையிடுவதும், மக்களிடம் பேசுவதும் குடியாட்சியில் எவருக்கும் உள்ள உரிமைகள். அவ்வுரிமையை மறுத்துப் பகிஷ்கரித்த மருத்துவச் சங்கமே குற்றவாளியாயிற்று. எனினும் நீதிமன்றம், சட்டமன்றம், மக்கள் மன்றம் என்னும் மூன்றையும் வென்ற பின்னும் நான்காவதாக ஒரு மன்றம் எஞ்சியிருக்கிறது. அது ஆராய்ச்சி மன்றம். அங்கே கடிதக் குவியலுக்கும் வாக்குப் பெட்டிக்கும் இடமில்லை. ஒரே நோயுள்ளோரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு ஒரு சிகிச்சையும் மறுபகுதிக்கு மற்றொன்றும் அளித்து, யார் நலமடைந்தனர் என்று பொறுமையோடு எண்ணிப் பார்ப்பதே அங்குள்ள வழக்கு.

ஆகவே நேயர்களே, எந்த வைத்தியச் சங்கமாயினும் உங்கள் செவியை நாடி வரும்போது, மூன்று கேள்விகளை மறவாது கேளுங்கள். எந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை என்கிறீர்கள்? அந்நோய்க்கு இது உதவும் என்று எண்ணிப் பார்த்தவர் யார்? உதவாத இடம் எது என்பதையும் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் விடை தருபவரிடம் உங்கள் முதுகை நம்பி ஒப்படைக்கலாம்.