ரிஃப் மலையின் நாட்டுக் கஞ்சா

மொராக்கோவின் வடக்கே, ரிஃப் மலைச் சரிவுகளில் பிப்ரவரி, மார்ச் ஈரத்தை நம்பி பெல்தியா விதைக்கிறார்கள். அது அந்த மண்ணின் நாட்டுக் கஞ்சா. தண்ணீர் பாய்ச்சுவதில்லை. கோடை வறட்சி முற்றுவதற்குள் செடி தன் வேலையை முடித்துக்கொண்டு ஜூலை, ஆகஸ்டில் அறுவடைக்கு வந்துவிடும். காய்ந்த செடிகளை, தொட்டியின் வாயில் இறுகக் கட்டிய மெல்லிய துணிமேல் பரப்பி, குச்சிகளால் தட்டுவார்கள். பிசின் பொடியாக அடியில் இறங்கும்.

கஞ்சா என்றாலே போதையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தாவர இன மேம்பாட்டில் இருப்பவர்களுக்கோ அதன் நாட்டு ரகங்கள் பெரும் சொத்து. இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. மகரந்தத்தைக் காற்று சுமக்கிறது. அதனால் ஒரே வயலில்கூட ஒரு செடி இன்னொன்றைப் போல இருக்காது. உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்ததில், அந்த வேறுபாடுகளுக்கு நடுவே ஊரின் மழைக்கும் குளிருக்கும் பொருந்தியவை தங்கின.

இந்துகுஷ் மலைச் செடி குட்டை. அகன்ற இலை, நிறையப் பிசின். குளிர் இறங்குவதற்குள் முதிர்ந்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ரகங்கள் நெடுநெடுவென வளர்ந்து, பூத்து முடிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 1970களில் கலிஃபோர்னியாவில் ஆப்கானிஸ்தான், மெக்சிகோ, கொலம்பியா ரகங்களைக் கலந்து உருவான ‘ஸ்கங்க் நம்பர் 1’, பின்னால் வந்த எத்தனையோ ரகங்களுக்குப் பெற்றோர் ஆனது. சட்டத்துக்கு அஞ்சி மறைவாக நடந்த வேலை என்பதால் அதன் வம்சாவளி பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்திருக்கிறது.

ரஷ்யாவிலிருந்து வந்த கொடை இன்னும் விசேஷமானது. பகல் குறையத் தொடங்கினால்தான் கஞ்சா பொதுவாகப் பூக்கும். 1924-இல் ஜனிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் ரூடராலிஸ் என்று பெயரிட்ட களைச்செடி வகையோ, பகல் எவ்வளவு நீண்டாலும் வயது வந்ததும் பூத்துவிடுகிறது. இன்று ‘ஆட்டோ’ என்று விற்கப்படும் ரகங்களின் அடிப்படை இந்தக் குணம்தான். வடக்கத்திய ரஷ்ய விதைச் சேகரிப்பிலிருந்து பின்லாந்தில் உருவாக்கிய ‘பினோலா’, போதையற்ற எண்ணெய்வித்துப் பயிர். உயரம் குறைவு, முதிர்வு சீக்கிரம். அறுவடை இயந்திரம் தடையின்றி ஓடும்.

இப்படிப் பிறந்த கலப்பினங்கள் 2000க்குப் பிறகு ரிஃப் மலைக்கே வந்து சேர்ந்தன. அங்கே கர்தாலா என்று பெயர் பெற்ற ரகம் பெல்தியாவைவிட அதிகப் பிசின் தந்தது. கூடவே கோடைப் பாசனமும் கேட்டது. தண்ணீருக்குத் தவிக்கும் மலையில் இது சின்ன விஷயமல்ல. காற்றில் வரும் கலப்பின மகரந்தமோ பக்கத்து வயலின் பெல்தியா விதையையும் மாற்றிவிடும்.

மருத்துவம், தொழில் ஆகியவற்றுக்கான சாகுபடிக்கு மொராக்கோ 2021-இல் சட்டம் இயற்றியது. அல் ஹொசீமா, ஷெஃப்ஷாவன், தாவ்நாத் மாகாணங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2024-இல் பெல்தியாவையும் உரிமத்தோடு விதைத்தார்கள். பெல்தியாவைக் காக்க அதை விதை வங்கியில் போட்டு வைத்தால் போதாதா என்றால், போதாது. இந்த விதையின் முளைப்புத்திறன் காலப்போக்கில் குறையும். அவ்வப்போது விதைத்துப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் வேற்று மகரந்தம் எட்டாத தூரத்தில்.