மொரிஸ் மைனரின் பம்பரில் கறள் வந்தது எப்படி?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் குறுக்கு வீதிகளில், மதிலோரம் நிழல் பார்த்து நிறுத்தியிருக்கும் பழைய மொரிஸ் மைனர் கார் எதையாவது பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? அடுத்த முறை கண்ணில் பட்டால், சொந்தக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, முன் பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். தெருமுனையில் நின்று பார்த்தபோது முழுவதும் மின்னிய பம்பரில், குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளிகள் அங்கங்கே தெரியும். சில புள்ளிகளுக்குக் கீழே மழைநீர் வழிந்த தடம் மெல்லிய பழுப்புக் கோடாக இறங்கியிருக்கும். விரல் நுனியால் தடவினால் புள்ளி சற்றே மேடாகத் தட்டுப்படும். அதுதான் கறள்.

பம்பரின் மேற்பூச்சு குரோமியம். குரோமியத்தில் கறள் பிடிக்காது. அதற்காகத்தான் அதைப் பூசுகிறார்கள். அப்படியென்றால் இந்தக் கறள் எங்கிருந்து வந்தது?

விடைக்குப் போகுமுன் அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. செய்து முடிக்கும் தறுவாயில், கார் ஒடுக்கமாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். ஆனால் பம்பர்களை ஏற்கெனவே செய்து வைத்துவிட்டார்களே! அவற்றை எறிய மனமில்லை. நடுவில் வெட்டி, இடைவெளியில் ஒரு தகட்டைப் பொருத்திச் சமாளித்தார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பர் நடுவே அந்த ஒட்டு இருக்கும். எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இலங்கையில் இத்தகைய கார்கள் இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதியை அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த காரைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப் பாகம் தேடுவது, கராஜில் ஒட்டுப் போடுவது, வீட்டு முற்றத்தில் பம்பரை மினுக்குவது எல்லாம் கொழும்புக் குடும்பங்களுக்குப் பழகிப்போன வேலைகள். 2020இலும் வாகன இறக்குமதி நின்றது. உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு அடிபட்டிருக்கும்.

இனி பம்பருக்கு வருவோம். அது முழுவதும் குரோமியமாக இருந்தால் அதை வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. வளைத்தால் வெடிக்கவும் செய்யும். பம்பரின் உடல் வெறும் உருக்கு, அதாவது பெரும்பாலும் இரும்பு. அதன்மேல் பெரும்பாலும் ஒரு படை செம்பு. செம்பின் மேல் ஒரு படை நிக்கல், ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். எல்லாவற்றுக்கும் மேலேதான் குரோமியம். அதன் தடிப்பு அரை மைக்ரோமீட்டர்கூட இராது. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முடியை 200 தோலாக உரிக்க முடியுமானால், அதில் ஒரு தோலின் தடிப்புத்தான் நாம் பார்க்கும் குரோம்.

பம்பரின் வழவழப்பு உண்மையில் நிக்கல் கொடுத்தது. நிக்கலை அப்படியே விட்டால் காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மஞ்சளிக்கும். குரோமியம் அதை மூடிக் காக்கிறது. மெல்லிய நீலச் சாயலையும் சேர்க்கிறது. வெள்ளி இதைவிட எவ்வளவோ கூடுதலாக ஒளியைத் தெறிக்கச் செய்யும். ஆனால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளி கறுத்துவிடும், குரோமியம் கறுக்காது. குரோமியத்தின் மேற்பரப்பு காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உடனே ஓர் ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. சில நானோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) தடிப்புள்ள அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் அந்த இடத்தில் மறுபடி தானே உண்டாகிவிடும். இரும்பின் கறளோ பொருக்காகி உதிரும், உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்குத் தெரியும், அதுவும் கறளாகும்.

இந்த உலோகத்தை 1797இல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லூயி நிக்கோலா வொக்கெலின். சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறத் தாது ஒன்றில் அது கிடைத்தது. மரகதத்திலும் அதன் சுவடு இருப்பதை அவர் கண்டார். மரகதத்தின் பச்சைக்கும் மாணிக்கத்தின் சிவப்புக்கும் இந்தக் குரோமியமே காரணம். இரத்தினபுரி மண்ணில் ஒரு மாணிக்கம் கிடைக்கிறது என்றால், அதன் சிவப்பு பம்பரில் இருக்கும் அதே மூலகத்தால் வந்தது!

சரி, கறள் எங்கிருந்து வந்தது? குரோமியப் படை பூசப்படும்போதே உள்ளே இறுக்கம் கொண்டிருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் நுண்துளைகளும் அதில் எப்போதும் உண்டு. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் உடனே கடல். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது; அவற்றிலுள்ள உப்பு பம்பரில் படிகிறது. காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருக்கும் நீரைத் தானே இழுத்துக் கரைந்துவிடும். கொழும்பில் இரவுகளில் ஈரப்பதன் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் விடியற்காலைக்குள் பம்பர்மேல் உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கும்.

அந்த உப்புநீர் நுண்துளைக்குள் இறங்கி நிக்கலைத் தொடும். உப்புநீரில் இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலம். டோர்ச்சுக்குள் இருக்கும் பற்றரியில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: ஓர் உலோகம் கரைகிறது, மற்றது தப்பிக்கொள்கிறது. குரோமியம் தப்பிக்கொள்ளும், நிக்கல் கரையும். துளை ஆழமாகி உருக்கைத் தொட்டதும் உருக்கு கரையத் தொடங்கும். கரைந்த இரும்பு துளைவழியே மேலே வந்து காற்றோடு சேர்ந்து பழுப்பாகிறது. நீங்கள் விரலால் தடவிய மேடு அதுதான். குரோமியத்தில் கறள் பிடிக்கவில்லை. அதன் அடியில் இருந்த இரும்பு வெளியே வந்திருக்கிறது. கறள் இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால், உள்ளிருந்து பூச்சைத் தள்ளித் தூக்கிவிடும். பிறகு பூச்சு பொருக்காக உரியும்.

பிற்காலத்தில் பொறியியலாளர்கள் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். வெடிப்பைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டினார்கள்! ஒரு சென்ரிமீட்டரில் நூற்றுக்கணக்கான நுண்வெடிப்புகள் வரும்படி குரோமியத்தைப் பூசினார்கள். ஒரே துளையில் நடக்கும் அரிப்பு ஆயிரமாயிரம் இடங்களுக்குப் பங்கிடப்பட்டுவிடும். எந்த ஓர் இடத்திலும் ஆழமாகப் போகாது.

இனி மெட்டல் பொலிஷ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில் பத்திரமாக நின்றபடி தண்டவாளத்தைக் கவனியுங்கள். பக்கவாட்டில் ஒரே பழுப்பு. மேல்முகம் மட்டும் பளபளவென்று இருக்கும். அங்கே யாரும் எதையும் பூசவில்லை. ரயில் சில்லுகள் நாள் முழுவதும் உருண்டு கறளைத் தேய்த்து எடுத்துவிடுகின்றன, அவ்வளவுதான். பொலிஷும் அப்படித்தான், அது எடுப்பது மட்டுமே. போத்தலில் இருப்பது மிக நுண்ணிய கடினத் தூளும், அழுக்கை இளக்கும் திரவமும். தூள் மேற்பரப்பில் உள்ள மேடுகளைச் சீவுகிறது. மேடும் பள்ளமும் இருந்தால் ஒளி நாலாபுறமும் சிதறும்; பரப்பு மங்கலாகத் தெரியும். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். கீறல்கள் அதைவிட மிகச் சிறியவையாகிவிட்டால் ஒளி ஒழுங்காகத் தெறிக்கும், உங்கள் முகமும் தெரியும். மினுக்குதல் என்பது பெரிய கீறல்களைக் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களாக மாற்றுவது என்று, 300 ஆண்டுகளுக்கு முன்பே ஐசக் நியூட்டன் தமது ஒளியியல் நூலில் விளக்கினார்.

எந்தத் தூளால் தேய்க்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். கனிமங்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. வைரம் அதில் 10. குரோமியம் 8.5, உலோகங்களிலேயே மிகக் கடினமானது. மணலில் உள்ள சிலிக்கா 7. அலுமினியம் ஒட்சைட்டு 9. இந்தக் கடைசிப் பொருள் உங்களுக்குத் தெரிந்ததே! இரத்தினபுரி நீலக்கல்லும் மாணிக்கமும் அலுமினியம் ஒட்சைட்டுப் பளிங்குகள்தாம். பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பான்கள் பலவற்றிலும் அதே பொருள் தூளாக இருக்கிறது. அதைப் பம்பரில் போட்டுத் தேய்த்தால், முடியின் 200இல் ஒரு பங்கு தடிப்புள்ள பூச்சுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிராசோ என்ற பொலிஷைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் முதலில் கைபோவது அந்தத் தகரத்துக்குத்தான். அதில் சிலிக்காத் தூளோடு அமோனியாவும் இருக்கிறது. திறந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறும் மணம் அதனுடையது. பிராசோ பித்தளைக்காகச் செய்தது. பித்தளையிலுள்ள செம்பின் மேல் படியும் களிம்பை அமோனியா கரைக்கும். கொட்டாஞ்சேனையில் திருவிழாவுக்கு முதல் கோயில் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அதே நோக்கத்தோடுதான். அங்கே கரைக்கும் வேலையைப் புளியிலுள்ள தார்த்தாரிக் அமிலம் செய்கிறது. பம்பரில் பூச்சு தேய்ந்து செம்பு எட்டிப்பார்க்கும் இடங்களில் அமோனியா செம்பையும் கரைக்கும். புளியோ தேசிக்காயோ போட்டால் அமிலம் நுண்துளைக்குள் இறங்கி உள்ளேயிருக்கும் இரும்பை அரிக்கும். ஆகவே குரோமுக்கென்று விற்கும் மென்மையான பொலிஷை வாங்குவதே நல்லது என்பேன்.

வீட்டில் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்து பாருங்கள். முதலில் காந்தம் ஒன்றை பம்பரில் வையுங்கள். ஒட்டினால் உள்ளே உருக்கு. ஒட்டாவிட்டால் பிளாஸ்டிக்கோ அலுமினியமோ ஆக இருக்கலாம். புதிய கார்களின் முன் கிரில் பெரும்பாலும் பூச்சிட்ட பிளாஸ்டிக்தான், அதற்கு ஈரத்துணியே போதும். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு உப்பும் மணலும் போகும்வரை அலசுங்கள். இந்த வேலையைத் தாண்டிக் குதிக்கக்கூடாது; ஒரு மணற்பொடி துணியில் சிக்கினாலும், குரோமியம் தேய்ந்துபோன இடங்களில் நீளக் கீறல் போட்டுவிடும். கறள் புள்ளிகளுக்குச் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமியத்தைவிட எவ்வளவோ மென்மையான உலோகம் என்பதால் பூச்சுக்குப் பயமில்லை. கறள் பழுப்புச் சேறாகக் கழன்று வருவதைக் காண்பீர்கள். துடைத்து உலர்த்தியபின், பழைய பருத்தித் துணியில் பொலிஷைத் தொட்டு, உள்ளங்கையளவு இடமாக எடுத்து மினுக்குங்கள். முடிந்ததும் மெழுகு பூசவேண்டும். மெழுகு நுண்துளைகளை அடைக்கும்; உப்புநீருக்கு வழி குறையும்.

பூச்சு பொருக்காக உரிந்த இடம் மட்டும் எந்தப் பொலிஷுக்கும் மீளாது. அங்கே குரோமியமே இல்லை. இல்லாததை எப்படி மினுக்குவது? பம்பரைக் கழற்றி, பழைய பூச்சை நீக்கி, திரும்பவும் மின்முலாம் (மின்னோட்டத்தால் படியவைக்கும் உலோகப் பூச்சு) பூசவேண்டும். அதற்கான தொட்டியில் இருக்கும் குரோமிக் அமிலம் மிகவும் நச்சானது, புற்றுநோயையும் உண்டாக்கும். தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில், இதே வகை நச்சுக் குரோமியச் சேர்மங்களான குரோமேட்டுகளைச் செய்து பின்னர் மூடப்பட்ட ஆலை ஒன்றின் கழிவுக்குவியல் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகளாக நஞ்சாக்கியிருக்கிறது. இருக்கிற பூச்சைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வேலை பாக்கியிருக்கிறது. பம்பரின் பின்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே பூச்சு சரியாக ஏறியிருக்காது. மின்முலாம் பூசும்போது மின்னோட்டம் குழிவான உட்பக்கத்துக்கு நன்றாகப் போய்ச் சேர்வதில்லை. சில்லு அடிக்கும் சேறும் கடல் உப்பும் அங்கேதான் தங்கும். யாரும் துடைப்பதும் இல்லை. கறள் அங்கே பிடித்து, விளிம்பைச் சுற்றி முன்பக்கம் வரும். கார் கழுவும்போது தண்ணீர்க் குழாயைப் பின்பக்கமும் திருப்பி அலசி, உலர்ந்தபின் கறள் தடுப்பு வர்ணம் ஒரு பூச்சு பூசச் சொல்லி வீட்டாரிடம் கேளுங்கள்.