நரசிம்மரைப் பிடித்து நிற்பவர்கள்

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் உள்ள மெலட்டூரில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேள நாட்டிய நாடகத்தில் விடியும் வேளைக்குத்தான் தூண் பிளக்கும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய ‘பிரகலாத சரித்திரம்’ அது. நரசிம்மர் வேடம் கட்டுபவர் விரதம் இருப்பார். முகமூடியோ பூஜையில் இருப்பது. அதை மாட்டியதும் உடம்பு நடுங்கி ஆவேசம் வந்துவிடும். இரணியன்மேல் நிஜமாகவே பாய்ந்துவிடாமல் இருக்க, ஆட்கள் அவரை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த நடுக்கம் யாருடையது? பக்தரிடம் கேட்டால் சாமியுடையது என்பார், அதில் நான் தலையிடவில்லை. ‘அஃபெக்ட்’ (உணர்வெழுச்சி) ஆய்வாளர்கள் கேட்பது வேறு: மனம் பெயர் வைப்பதற்கு முன்பே உடம்பில் ஏறிவிடும் இந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

பயந்ததால் நடுங்கவில்லை, நடுங்குவதைத்தான் பயமாக உணர்கிறோம் என்று 1884-இல் எழுதினார் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். சுமார் நூறு ஆண்டு கழித்து, 1983-இல், உளவியலாளர் பால் எக்மனும் கூட்டாளிகளும் நடிகர்களை முகத் தசைகளை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னார்கள். எந்த உணர்ச்சி என்று சொல்லவில்லை. கோப முகம் அமைந்தபோது இதயம் வேகம் எடுத்தது, விரல் சூடானது. பய முகத்திலும் இதயம் வேகம் எடுத்தது, ஆனால் விரல் அந்த அளவுக்குச் சூடாகவில்லை. நம் அபிநயக்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. ஆனால் மெலட்டூரில் முகம் மூடியிருக்கிறது! அங்கே வேலை செய்வது முகத்தைவிட விரதமும் கண்விழிப்பும் மிருதங்கமும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடவே, சுற்றி நிற்கும் கூட்டமும்.

கூட்டத்தில் பொங்கும் உணர்வுதான் சமயத்தின் ஊற்று என்று 1912-இல் வாதிட்டவர் சமூகவியலாளர் எமில் துர்கைம். அதை அளந்து பார்த்தது 2011-இல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரிக்கே என்ற கிராமத்தில் ஆண்டுதோறும் தீ மிதிப்பார்கள். மிதித்தவரின் இதயத்துடிப்பும், பார்த்துக்கொண்டிருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கின. பக்கத்திலேயே நின்ற வெளியூர்க்காரர்களின் துடிப்பு அப்படி ஒத்துப்போகவில்லை. வெப்பமும் சத்தமும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் யார் சொந்தம் என்பது நரம்புக்கு எப்படித் தெரியும்? அதை ஊர்தான் சொல்லிவைத்திருக்கிறது.

மொரீசியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. வலியை அதிகமாக உணர்ந்தவர்கள் கோயிலுக்கு அதிகம் கொடுத்தார்கள். வியப்பு என்னவென்றால், அலகு குத்தாமல் உடன் நடந்தவர்களும் அவர்களுக்குக் குறையாமல் கொடுத்தார்கள்.

மெலட்டூருக்கு வருவோம். நாயக்கர் காலத்தில் குடியேற்றப்பட்ட பிராமணக் குடும்பங்களின் கலை இது, ஆடுபவர்கள் ஆண்கள். 1951-இல் தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கேத்லீன் கஃப், வயலில் உழைத்த ஆதிதிராவிடர்கள் அக்ரகாரத் தெருவுக்குள் வர முடியாத நிலையைப் பதிவு செய்திருக்கிறார். அப்படி உழைத்தவர்கள் விளைவித்த நெல்லில்தான் டெல்டாவின் கலைகள் வளர்ந்தன. கூட்டத்தின் பொங்குதலைப் பேசும்போது கூட்டத்தில் யாரைச் சேர்த்தார்கள் என்பதை விட்டுவிடுவது துர்கைமைப் படிக்கும் பலரின் வழக்கம்.

மெலட்டூரில் யாராவது கருவி கட்டி இதயத்துடிப்பை அளந்தால், நரசிம்மரை விட்டுவிட்டு, முதலில் அவரைப் பிடித்து நிற்பவர்களின் மணிக்கட்டில் கட்ட வேண்டும். அடுத்து, தாத்தா காலத்தில் அக்ரகாரத் தெருவுக்குள் விடப்படாத குடும்பத்திலிருந்து இன்று வந்து உட்கார்ந்திருப்பவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு அவருக்கும்.