விலைக்கு வரும் விருதுகள்

சங்க காலப் புலவர் பெருஞ்சித்திரனார் பல மலைகளைக் கடந்து, அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அரசன் அவரை நேரில் காணவில்லை; பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம் கல்வியை அறிந்து அளிக்கும் பரிசில் மிகச் சிறியதாயினும் தமக்கு மகிழ்ச்சியே என்றும், தம்மை அறியாமல் அளிப்பதைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றும் அவர் உரைத்தார். இச்செய்தியைப் புறநானூற்றின் 208ஆம் பாடலால் அறிகிறோம்.

அப்புலவரின் எண்ணம் இன்றும் சிந்திக்கத்தக்கது. நம்மை அறியாத ஒருவர் தரும் சிறப்பு உண்மையான சிறப்பாகுமா? அச்சிறப்பிற்கு நாமே விலை கொடுக்க வேண்டுமெனில், அதனை விருது என்பதா, விற்பனை என்பதா?

சான்றோர் விவரத் தொகுப்பு

ஒரு நாட்டில் பெயர்பெற்ற மனிதர் யாவர், அவர் ஆற்றிய பணி யாது என்பவற்றைத் தொகுத்துத் தரும் நூல்கள் உண்டு. 'ஹூஸ் ஹூ' என்னும் பெயருடைய நூல் 1849ஆம் ஆண்டு முதல் இலண்டனில் வெளிவருகிறது. இத்தகைய நூல்களுள் நேர்மையானவை, பணியைக் கண்டே ஒருவரைச் சேர்க்கும். இடம்பெறுவோரிடம் பணம் பெறுவதில்லை. செய்தியாளரும் ஆய்வாளரும் நூலகங்களும் அவற்றை வாங்கிப் பயன்படுத்துவர்.

இம்மதிப்பைக் கண்ட சிலர், இதே போன்ற பெயர்களில் புதிய தொகுப்புகளை வெளியிடத் தொடங்கினர். இவற்றில் வணிகத்தின் முறை தலைகீழாகிவிட்டது. நூலைப் படிப்பவர் வாங்குவதில்லை. நூலில் இடம்பெறுபவரே வாங்குகிறார். நூலின் நோக்கம் செய்தி தருவதன்று. பெயரை அச்சில் காணும் மகிழ்ச்சியை விற்பதே ஆகும்.

விற்பனை நிகழும் முறை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சிறு கடை நடத்தும் தமிழர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நெல்லையிலிருந்து வந்து இருபது ஆண்டுகள் உழைத்து முன்னேறியவர் அவர். ஒரு நாள் அவருக்கு அழகிய கடிதம் ஒன்று வருகிறது. "நாட்டின் தலைசிறந்த தொழில்முனைவோருள் ஒருவராகத் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. இப்படிவத்தை நிரப்பி அனுப்புக" என்பது கடிதத்தின் செய்தி.

படிவத்தை அனுப்பிய சில நாள்களில் தொலைபேசி அழைப்பு வருகிறது. அழைத்தவர் தம்மைத் 'தேர்வுக்குழு அலுவலர்' என்று கூறிக்கொள்கிறார். கடைக்காரரின் இளமைக்காலம், பட்ட துன்பம், பெற்ற வெற்றி ஆகியவற்றைப் பரிவுடன் கேட்கிறார். அரை மணி நேரம் கழிந்தபின், "வாழ்த்துகள் ஐயா! தாங்கள் இறுதித் தேர்விலும் வென்றுவிட்டீர்கள்" என்கிறார். அதன் பின்னரே விலை வெளிவருகிறது. வாழ்நாள் உறுப்பினராகச் சேர்ந்து கேடயமும் பெற 50,000 ரூபாய்! கடைக்காரர் தயங்கினால் 25,000 ரூபாய். மீண்டும் தயங்கினால் 10,000 ரூபாய். "இன்னும் இரண்டு இடங்களே உள்ளன, இன்று மாலைக்குள் முடிவு கூறுங்கள்" என்று அழைத்தவர் விரைவுபடுத்துகிறார்.

இவ்வுரையாடலின் ஒவ்வொரு படியும் திட்டமிட்டு அமைக்கப்பட்டதாகும். 'கட்டணம் இல்லை' என்பது முதல் கதவைத் திறக்கிறது. புகழுரை ஐயத்தை அடக்குகிறது. அரை மணி நேரம் தம் கதையைக் கேட்டவரிடம் 'வேண்டா' என்று சொல்ல மனம் கூசுகிறது. முதலில் 50,000 ரூபாயைக் கேட்டவருக்குப் பின்னர் வரும் 10,000 ரூபாய் சிறு தொகையாகத் தோன்றுகிறது. 'இன்று மாலைக்குள்' என்னும் கெடு, வீட்டாரிடம் கலந்து பேசும் வாய்ப்பைப் பறிக்கிறது. 'பிற உறுப்பினர்களின் தொடர்பால் வணிகம் பெருகும்' என்னும் உறுதிமொழியோ எழுத்தில் தரப்படுவதில்லை. அவ்வுறுப்பினர்களும் இவரைப் போலவே பணம் கொடுத்துச் சேர்ந்தவர்கள்; வாங்க வந்தவர்கள் அல்லர்.

இதில் ஏமாறுபவர் அறிவற்றவர் அல்லர். சொந்த ஊரில் ஒருவருடைய உழைப்பை உற்றாரும் ஊராரும் அறிவர். வேற்றூரில் வாழ்பவருக்கு அவ்வாய்ப்புக் குறைவு. 'நம் உழைப்பை எவரேனும் கண்டனரா?' என்னும் ஏக்கம் அவர் உள்ளத்தில் இருப்பது இயல்பு. அந்த ஏக்கத்தையே விற்பனையாளர் தம் முதலாக்குகின்றனர்.

கடன் வாங்கிய மதிப்பு

போலிச் சிறப்புகள் பெரும்பாலும் பிறருடைய மதிப்பைக் கடன் வாங்கியே நிற்கின்றன. 2023 பிப்ரவரி 26 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலுள்ள அரங்கில் தனியார் அமைப்பு ஒன்று விழா நடத்தியது. திரைத்துறையினர் உள்ளிட்ட பலருக்கு 'மதிப்புறு முனைவர்' பட்டம் வழங்கப்பட்டது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரும் மேடையில் இருந்தார். பல்கலைக்கழக வளாகத்தையும் நீதிபதியையும் கண்டோர், பட்டம் உண்மையானது என்றே எண்ணினர். அவ்விழாவிற்கும் தனக்கும் தொடர்பில்லை எனப் பல்கலைக்கழகம் அறிவித்துக் காவல்துறையில் புகார் அளித்தது. தாமும் ஏமாற்றப்பட்டதாக நீதிபதி கூறினார். அமைப்பின் பொறுப்பாளர் கைது செய்யப்பட்டார்.

பட்டம் வழங்கும் உரிமை எல்லோர்க்கும் உரியதன்று. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களும் அவ்வுரிமை பெற்ற நிறுவனங்களுமே பட்டம் அளிக்க இயலும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அக்குழு வெளியிட்டு வருகிறது.

அரசு அளிக்கும் உயரிய விருதுகளுக்கும் வரம்பு உண்டு. நம் அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டப்பெயர்களை ஒழித்தது. அப்படியெனில் பத்ம விருதுகள் முறையா என்னும் வழக்கு 1992இல் கேரள உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டது. 1995 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்விருதுகள் செல்லும், ஆயினும் அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ அடைமொழியாக இடுதல் கூடாது என்பது அத்தீர்ப்பு. உண்மை விருதே பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது எனில், விலைக்கு வாங்கிய பட்டத்தை என்னென்பது?

அதே தெருவில் ஓர் உண்மைச் சிறப்பு

மேலே கண்ட கற்பனைக் கடைக்காரரின் அதே சாலைத் தெருவில், பல ஆண்டுகள் கடை நடத்தியவர் எழுத்தாளர் ஆ. மாதவன். 1934இல் பிறந்த அவர், கடையில் அமர்ந்தபடி தம்மைச் சுற்றியிருந்த சுமைதூக்குவோரையும் சிறு வணிகரையும் கூர்ந்து நோக்கினார். அவர்களுடைய வாழ்வைத் தமிழில் கதைகளாக்கினார். 'கடைத்தெருக் கதைகள்' என்பதே அவருடைய நூல்களுள் ஒன்றின் பெயர். 'இலக்கியச் சுவடுகள்' என்னும் நூலுக்காக 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. அவ்விருதுக்கு அவர் கட்டணம் செலுத்தவில்லை. அகாதெமியே செப்புப் பட்டயமும் பரிசுத்தொகையும் அளித்தது. நூலைப் படித்தவர்கள் அளித்த சிறப்பு அது. 2021இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய கடைத்தெரு இன்றும் வாசகர் உள்ளத்தில் வாழ்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டிற்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையும் குறுஞ்செய்திகளையும் பெற்றோருக்குப் படித்துச் சொல்பவர் பல வீடுகளில் மாணவரே. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு:

1. நம் பணியை நேரில் அறிந்து தேர்ந்தெடுத்தவர் யார்?
2. பணம் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது?
3. ஒரு வாரம் கழித்து முடிவு கூறலாமா?
4. அத்தொகுப்பை விலை கொடுத்து வாங்கிப் படிப்பவர் யார்?

வணிகர் தம் கடையை விளம்பரம் செய்யப் பணம் கொடுப்பது தவறன்று. விளம்பரத்தை விருது என்று கூறி விற்பதே தவறு. நுகர்வோரை விரைவுபடுத்தும் போலி அவசரத்தை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகள் இணைய வணிகத்தில் தடைசெய்துள்ளன. தொலைபேசி வழியே வங்கி அட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ எவருக்கும் கூறுதல் கூடாது. நுகர்வோர் உதவிக்கு 1915 என்னும் எண்ணையும், இணையவழிப் பண மோசடி நிகழ்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணையும் அழைக்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றுண்டு. பெற்றோரின் உழைப்பை நாள்தோறும் நேரில் காண்பவர் நீங்கள். அதனைப் பாராட்டி ஒரு சொல் சொல்லுங்கள். பெருஞ்சித்திரனார் விரும்பியது அத்தகைய பரிசிலையே.

சிந்தித்து எழுதுக

1. பெருஞ்சித்திரனார் பரிசிலை ஏற்க மறுத்தது ஏன்?
2. 'இன்று மாலைக்குள் முடிவு கூறுங்கள்' என்று விற்பனையாளர் கூறுவதன் நோக்கம் யாது?
3. உங்கள் தெருவில் பாராட்டுக்குரிய உழைப்பாளர் ஒருவரைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.