கரையேறிய கடலறிவு

கப்பற்பணி முடித்துக் கரையேறும் மாலுமியின் பட்டறிவை இன்று பெரிதும் வேண்டி நிற்பது கடற்காப்பீட்டுத் துறை. கப்பலின் உடற்பகுதிக்கும் பொறிகளுக்கும் ஒரு காப்பீடு, சரக்குக்கு ஒன்று, பிறர்க்கு நேரும் இழப்பின் பொறுப்புக்கு மற்றொன்று. இம்மூன்றாவதைக் கப்பல் உரிமையாளர்களே கூடி நடத்தும் பி அண்ட் ஐ கிளப்புகள் ஏற்கின்றன. இவற்றின் பன்னாட்டுக் குழுமத்திலுள்ள 12 கிளப்புகள், உலகப் பெருங்கடற் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் காக்கின்றன. முன்னாள் கப்பல் தலைவர்களும் முதன்மைப் பொறிஞர்களும் சேதத்தை ஆராயும் சர்வேயர்களாகவும் இழப்பீட்டு அலுவலர்களாகவும் இத்துறையில் அமர்கின்றனர்.

இந்தியக் கடற்காப்பீட்டுச் சட்டம், 1963, காப்பீட்டாளரின் பொறுப்பை இழப்பின் அண்மைக் காரணத்தோடு, அதாவது அதை விளைவித்த முதன்மைக் காரணத்தோடு, பிணைக்கிறது. எனவே காரணம் காண்பதே இப்பணியின் உயிர்நாடி. சரக்கறையில் அரிசி மூட்டைகள் நனைந்திருப்பதாகக் கொள்வோம். அந்நீர் மூடியின் இடுக்கில் புகுந்த கடல்நீரா? ஏற்றும்போது பெய்த மழையா? காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்த, கப்பலர் ‘வியர்வை’ எனக் கூறும் நீரா?

சர்வேயர் நனைந்த சாக்கின்மேல் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சில துளி விடுகிறார். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து பால்வெண் வீழ்படிவாகிறது. மழைநீரில் இவ்வளவு குளோரைடு இராது.

ஆயினும் வீழ்படிவைக் கண்டதும் கடல்நீர் புகுந்ததெனத் தீர்ப்பளித்துவிடலாகாது. முந்தைய சரக்கை இறக்கியபின் சரக்கறையைக் கடல்நீரால் கழுவுவது வழக்கம். பின்னர் நன்னீரால் அலசத் தவறினால் சுவர்த் தகடுகளில் உப்பு தங்கும். அதைக் கரைத்துச் சொட்டும் வியர்வையும் அதே வெண்மையைத் தரும். சரக்கறையைக் கழுவிப் பழகியவருக்கு இந்த ஐயம் இயல்பாகவே எழும். அவர் ஈரத்தின் இருப்பிடத்தை ஆராய்கிறார். மூடிகளின் இணைப்புக்கு நேர்கீழே வரிசையாக நனைந்திருந்தால் கசிவெனக் கருதி, மீயொலிக் கருவியால் மூடிகளின் இறுக்கத்தைச் சோதிக்கிறார். பக்கச் சுவரை ஒட்டிய மூட்டைகள் மட்டும் நனைந்திருந்தால் வியர்வையை ஐயுறுகிறார்.

வெப்பக் கடலிலிருந்து குளிர்க்கடலுக்குச் செல்கையில், எஃகுத் தகடு சரக்கறைக் காற்றின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே குளிர்ந்தால் அதன்மேல் நீர் படியும். வெளிக்காற்றின் பனிநிலை உள்காற்றினதைவிடத் தாழ்ந்திருக்கையில் காற்றோட்டம் தர வேண்டும். உயர்ந்திருந்தால் அடைத்து வைக்க வேண்டும். இது முறையாக நடந்ததா என்பதற்குக் கப்பலின் குறிப்பேடே சான்று. அலைநீர் மேல்தளத்தில் புரண்ட இரவிலும் காற்றோட்ட வாயில்கள் திறந்திருந்ததாக எழுதப்பட்டிருந்தால், கடலிரவுகளில் காவல் நின்றவர் அவ்வரியை எளிதில் கடந்துபோகார்.

இப்பட்டறிவோடு சட்டமும் ஒப்பந்தமும் கற்க வேண்டும். தெளிவாக அறிக்கை எழுதப் பழக வேண்டும். இந்தியாவில் காப்பீட்டு சர்வேயராகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமமும் வேண்டும். இன்று கடலிலிருக்கும் இளம் அதிகாரிகள், தாம் செய்யும் ஒவ்வொரு பணிக்கும் காரணத்தைக் கேட்டறிந்து குறித்துவைக்கப் பழகுவாராக. காரணம் சரியாக அறியப்பட்ட இழப்பு, மற்றொரு கப்பலில் நிகழாமல் தடுக்கப்படலாம். கரையில் அமர்ந்தபின்னும் கடலோடிகளைக் காக்கும் கடமை இதுவே.