கொல்லையில் ஓர் எலுமிச்சை

2018 நவம்பரில் வீசிய கஜா புயல், ஆலங்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் கொல்லைத் தென்னையைச் சாய்த்தது. அவ்விடத்தில் எலுமிச்சை நடலாம் என்றேன். "முள்ளு மரம் வீட்டுக்கு ஆகாதுப்பா" என்றார் அப்பத்தா.

நண்பர்களே, முள்ளை ஓர் ஓரத்தில் வைத்துச் சமாளிக்கலாம், நீரன்றோ பெருங்கேள்வி! நீர் தேங்கினால் எலுமிச்சை வேர் அழுகும். எங்கள் செம்மண்ணில் நீர் தங்குவதில்லை. சித்திரை வெயிலில் அதுவே வினையாகிறது. தண்ணீர் தவறினால் பூவும் பிஞ்சும் உதிரும். நாளும் இரு குடம் ஊற்றுவது என் பொறுப்பென ஒப்புக்கொண்டேன்.

விதைக்கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். "அதுவரை நான் இருக்கணுமே" என்றார் அப்பத்தா. அச்சொல் சுட்டது. முன்னதாகக் காய்க்கும் பதியன் கன்றையே வாங்கினேன்.

குழி தோண்டியபோது முள்ளைப் பற்றி அவர் பேசவில்லை. ஊறுகாய் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.