வடியும் கண் வறண்ட கண்ணாகவும் இருக்கலாம்

கண்மாய்த் தண்ணீர் கரையைத் தாண்டினால், வரத்து மிகுந்ததா, மடை அடைத்ததா என்று பார்த்த பிறகே சுந்தரபாண்டியத்து விவசாயி மண்வெட்டியைத் தூக்குவார். கண்ணில் நீர் வடியும்போது மட்டும் அந்த நிதானம் நமக்கு இருப்பதில்லை. நேரே மருந்துக்கடைக்குப் போய்ச் சொட்டு மருந்து கேட்கிறோம். காரணம் தெரியாமல் ஊற்றும் மருந்து கண்ணுக்குக் கேடு என்பதே இங்கே சொல்ல வந்தது.

வறண்ட கண்ணும் வடியும் என்பதுதான் இதில் பெரிய வியப்பு. காய்ந்தது எப்படி வடியும் என்று கேட்கலாம். கண்ணீர்ப் படலத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. இமை ஓரத்துச் சுரப்பிகள் அதைச் சரியாகத் தராவிட்டால் படலம் சீக்கிரம் ஆவியாகிறது, கருவிழி உறுத்துகிறது, உடனே கண்ணீர்ச் சுரப்பி வெள்ளமாகக் கொட்டுகிறது. எண்ணெய் இல்லாத அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. தறியில் இழையையோ கைபேசித் திரையையோ உற்றுப் பார்ப்பவர்கள் இமைப்பது குறைவதால் இந்தத் தொல்லை கூடும். மருத்துவர் நிறச்சொட்டு விட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்வார். 10 விநாடிக்குள் படலம் கிழிந்தால் வறட்சி என்று சந்தேகிப்பார். இதற்கு வெந்நீர் ஒத்தடமும் செயற்கைக் கண்ணீரும் உதவும்.

அடைப்பு வேறு கதை. கண்ணின் மூக்கோர முனையில் இமைகளில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் கண்ணீர்ப் பைக்குப் போய், மூக்கில் இறங்குகிறது. துளையில் உப்புநீரைச் செலுத்தும்போது தொண்டையில் கரித்தால் வழி திறந்திருக்கிறது. மேலேயே திரும்பி வந்தால் அடைப்பு. கண்புரை அறுவைக்கு முன் இதைச் சோதிப்பதும் வீண் சடங்கல்ல. பையில் சீழ் இருந்தால் அறுவை செய்த கண்ணுக்கே ஆபத்து. பிறந்த குழந்தையின் அடைப்பு, பை மேல் முறையாக அழுத்தி நீவிவந்தால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் திறந்துகொள்ளும். பெரியவர்களுக்குப் பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி அமைக்கும் அறுவையை இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904இலேயே விவரித்துவிட்டார்.

கடைச் சொட்டிலேயே பலருக்குக் குணம் தெரிகிறதே என்பார்கள். ஒவ்வாமையால் வடிந்தால் ஸ்டீராய்டு சொட்டு அரிப்பை அடக்கும், உண்மைதான். ஆனால் கண்காணிப்பின்றி அதைத் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். அடைப்போ அப்படியே இருக்கும். வெறும் தண்ணீர்தானே என்ற அலட்சியமும் ஆகாது. சீழ்கட்டிய பை பக்கத்தில் இருக்கையில் நெல் உமி பட்ட சிறு கீறல்கூடக் கருவிழிப் புண்ணாகிப் பார்வையைப் பறிக்கலாம். ஆகவே வரத்தா, மடையா என்று கண் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். மருந்தை அதற்குப் பிறகு வாங்கலாம்.